என் பெயருக்கு என்ன அர்த்தம்?

திருவள்ளூர் தேரடியில் நின்று "வீரராகவா" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்ப் பெருமாள் பேர் அது. "சவரிமுத்து" என்று கூப்பிட்டால் எங்கள் கடம்பத்தூரில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். நானும் உடனே திரும்புவேனா என்பது சந்தேகம். நாற்பது வருஷமாக எல்லோருக்கும் நான் வெறும் முத்து.

எங்கள் பூர்வீகம் மணப்பாட்டுக்குப் பக்கம். அங்கே இந்தப் பேர் சர்வ சாதாரணம். வேலைக்காக இந்தப் பக்கம் வந்தபோதுதான் வம்பு. தொழிற்சாலையில் வருகைப் பதிவேட்டில் 'சவுரிமுத்து' என்று எழுதிவிட்டார்கள். "சவுரி முடியா, சவரக் கடையா?" என்று ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்து, "முத்துன்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

1984-ல் ஒருநாள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து வந்தார். வாசலில் காவலரிடம் சவரிமுத்துவைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பதில். காலை ஷிப்ட் முடிந்து நான் வெளியே வரும்வரை, எதிரே புளியமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. "தாத்தா பேரை இங்க ஒருத்தருக்கும் தெரியலியேய்யா" என்றார். அவ்வளவுதான். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. அந்த வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் எனக்குப் பேரன் பிறந்தான். பேரன் என்றால் பெயரன். தாத்தா பேரைச் சுமப்பவன். பெங்களூரிலிருந்து மகன் போனில், "வழக்கப்படி உங்க பேர்தானேப்பா வைக்கணும்? அதுக்கு என்ன அர்த்தம்னு இவ கேட்கிறா" என்றான். மருமகள் கேட்டதில் தப்பே இல்லை. அறுபத்தாறு வயதாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரியே தேட உட்கார்ந்தேன்.

சவரி என்பது சவேரியார். புனித பிரான்சிஸ் சவேரியார் 1506-ல் நவார் நாட்டில் ஹவியேர் என்ற கோட்டையில் பிறந்தவர். இன்றைக்கு அது ஸ்பெயினில் இருக்கிறது. பிரான்சிஸ்தான் அவர் பேர். ஹவியேர் அவர் ஊர். அந்தப் பகுதியில் பேசும் பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிது. எச்சேபெர்ரி என்பதுதான் தேய்ந்து ஹவியேர் ஆனதாம். ஆக, என் பேருக்கு அர்த்தம் புதுவீடு! நம் பக்கத்திலும் 'புதுவீட்டுக்காரர்' என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

அவர் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டுக் குகையில் தங்கினார். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, கரையோர ஊர்களில் நடந்தே போய்ச் சொல்லிக் கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544-ல் கடிதம் எழுதியிருக்கிறார். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். 1622-ல் புனிதர் பட்டம். அதன்பிறகு ஓர் ஊரின் பேர் உலகமெங்கும் பிள்ளைகளின் பேராகிவிட்டது. ஸ்பெயினில் இன்றும் ஹவியேர் என்பது, இங்கே வீரராகவன் மாதிரி, எங்கும் கேட்கிற பேர்.

நம் ஆட்களோ அதைச் சவேரி, சவரி என்று நாக்குக்கு ஏற்றபடி மாற்றி, ராயன், முத்து என்று சேர்த்துக்கொண்டார்கள். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தகப்பனார் பேர் சவரிமுத்துப் பிள்ளை. 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தக் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகளும் ஒரு சேவியர்தான். சிரித்தவர்களிடம் இதையெல்லாம் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா? அந்தத் தைரியம் இருந்ததாக நினைவில்லை.

மகனிடம் அர்த்தத்தைச் சொன்னேன். புளியமரத்தடியில் அப்பா காத்திருந்ததையும் முதன்முறையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, சான்றிதழில் சேவியர் என்று போடுவதாகவும், கோவிலில் ஞானஸ்நானத்தின்போது முழுப்பேரையும் சொல்லப் போவதாகவும் சொன்னான். எனக்கு அது போதும்.

பணி ஓய்வுப் பணத்தில் இங்கே கட்டிய வீட்டு வாசலில் 'முத்து இல்லம்' என்று எழுதியிருந்தது. நேற்று அதை அழித்து எழுத ஆள் வந்தார். "சவரியா, சவுரியா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தேன்.

உங்கள் பேருக்கு என்ன அர்த்தம்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.