கஞ்சிக்குக் கூலி

மருதமுனைக்கு நெசவு பார்க்க வருகிறவர்கள் தறியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாடா ஓடுவதும் அச்சுப்பலகை அடிப்பதும் கண்ணுக்கும் காதுக்கும் உடனே எட்டுகிற காரியம். படம் எடுக்கவும் வாகானது. நான் தறிக்கூடத்தில் நின்ற நேரத்தைவிட வீடுகளின் பின்பக்கத்தில், கிணற்றடியை ஒட்டிய முற்றங்களில் நின்ற நேரமே அதிகம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் போகும் வீதியில், சில நிமிடப் பேருந்துத் தூரத்தில் இருக்கிற ஊர் இது. வீதிக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். சாரனுக்கும் சேலைக்கும் பெயர்போன இந்த ஊரின் தொழில் தறியில் தொடங்குவதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அது முற்றத்தில், ஒரு சட்டிக் கஞ்சியில் தொடங்குகிறது. அந்தக் கஞ்சி வேலை தனி வேலை என்பதும், அதற்குத் தனிக் கூலி வேண்டும் என்பதும்தான் இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் வேலையைப் பார்ப்போம். சாயம் ஏறிக் காய்ந்த பருத்தி நூல் கழிகளாக இருக்கும். அரிசி மாவையோ கோதுமை மாவையோ கரைத்துக் காய்ச்சி, கட்டி தங்காமல் வடித்து, அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் கழியை அதில் முக்கி, இழைகளுக்குள் இறங்கும்படி பிசைந்து, பிழிந்து, உதறி, கம்பில் கோத்து வெயிலில் போடுகிறார்கள். போட்டுவிட்டு உள்ளே போய்விட முடியாது. காய்கிற நேரம் முழுக்கக் கழியைத் திருப்பித் திருப்பி உதறிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பிறகு நூல் சுற்றும்போது ஒட்டிய இடமெல்லாம் அறும். கஞ்சி தடித்தால் நூல் காய்ந்த குச்சியாகி முறியும். நீர்த்தால் இழையின் மேலுள்ள பஞ்சுமயிர் படியாது. எண்ணெய் குறைந்தால் விறைப்பு, கூடினால் கஞ்சி பிடிக்காது. இதற்கு அளவுக்கரண்டி கிடையாது. விரலிடுக்கில் கஞ்சியைத் தேய்த்துப் பார்த்தே பதம் சொல்கிறார்கள். அந்தப் பதமும் நாளுக்கு நாள் மாறும். கச்சான் வீசுகிற மாதங்களில் மேற்கிலிருந்து வரும் உலர்காற்று நூலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அப்போது கஞ்சி இளகலாக, எண்ணெய் சற்றுத் தூக்கலாக வேண்டும். வாடைக்காற்றோடு மழை வந்துவிட்டால் கழி காயாது. கஞ்சி புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். காற்றையும் வெயிலையும் பார்த்துப் பதத்தை மாற்றத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை கைவரும்.

ஒரு பருத்தி இழை தறியில் படுகிற பாட்டை எண்ணிப் பார்த்தால் இத்தனை கவனம் ஏன் என்று விளங்கும். அங்குலத்துக்கு 60 இழை, 48 அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால் பாவில் 2,880 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் விழுதின் கண் வழியாகவும் அச்சின் பல் வழியாகவும் போகிறது. ஊடை ஒவ்வொன்று போகும்போதும் விழுது ஏறி இறங்கும், அச்சு முன்னும் பின்னும் உரசும். அங்குலத்துக்கு 50 ஊடை விழுகிற துணியில், இழையின் ஒரு புள்ளி அச்சு உரசும் 10 அங்குலத் தூரத்தைக் கடந்து துணியாவதற்குள் 500 தடவை உரசல் வாங்கிவிடும். கஞ்சி ஏறாத ஒற்றைப்புரி நூல் இதைத் தாங்காது. மயிர் கிளம்பி, பக்கத்து இழையோடு சிக்கி, அறும். அறுந்தால் தறி நிற்கும். முனையைத் தேடி, முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் மறுபடி நுழைத்தபிறகுதான் அடுத்த ஊடை. துணி கணக்கில் கூலி வாங்குகிற நெசவாளிக்கு அந்த நேரம் முழுதும் நட்டம். தறியில் இருப்பவரின் வருமானம் முற்றத்தில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

முற்றத்தில் இருப்பவர் யார்? நான் போன வீடுகளில் பெரும்பாலும் பெண்கள். கஞ்சி காய்ச்சுவதும், உதறுவதும், பிறகு ராட்டையில் நூல் சுற்றுவதும் ராத்தாமாரின் வேலை, பிள்ளைகளின் உம்மாமாரின் வேலை. சமையலுக்கும் தொழுகைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் இடையே செய்யப்படுவதால், அது வீட்டு வேலையின் நீட்சி போலவே கருதப்படுகிறது. முதலாளி நூல் கொடுத்துத் துணி வாங்குகிற இடத்தில் கூலி துணிக்குத்தான்; அது தறியில் இருப்பவர் பெயரில் எழுதப்படுகிறது. பெண்களே தறியில் இருக்கும் வீடுகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை: நெய்த மணித்தியாலம் கணக்கில் வரும், கஞ்சி போட்ட காலைப்பொழுது வராது.

இந்த இடத்தில் உலகின் மறுமூலையில் இருக்கிற ஓர் உடுப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பிரித்தானியக் குளிரிலும் மழையிலும் உடுத்தும் மெழுகுக் கோட்டு அது. பாய்மரக் கப்பலோட்டிகள் பாய்த்துணிக்கு எண்ணெய் பூசி, பழைய பாயை வெட்டி மேலங்கியாக்கிய வழக்கத்திலிருந்து வந்தது. ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் மஞ்சளித்து, குளிரில் விறைத்ததால், 1930களில் பரபின் மெழுகைக்கொண்ட பூச்சு வந்தது. பருத்தித் துணியில் மெழுகு ஊறியிருப்பதால் மழை உள்ளே இறங்காது. ஆனால் மெழுகு தேயும். முழங்கையிலும் தையல் ஓரத்திலும் முதலில் போய்விடும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மெழுகை உருக்கி, பஞ்சால் தேய்த்து, சூடு காட்டி மறுபடி ஏற்ற வேண்டும். பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். முடியாதவர்கள் கோட்டைத் தயாரித்த கம்பனிக்கே அனுப்பிப் பணம் கட்டுகிறார்கள். 1894இல் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுக ஊரில் தொடங்கிய பார்பர் கம்பனி இந்த மறுமெழுகு வேலையை ஒரு சேவையாகவே நடத்துகிறது. நம் கரைக்கு அந்தக் கோட்டு ஆகாது. 50, 60 பாகை வெப்பத்தில் உருகும் மெழுகு அம்பாறை வெயிலில் பிசுபிசுத்துவிடும், மீனவர் மழைக்குப் பொலித்தீனைச் சுற்றிக்கொள்வதோடு சரி. ஆனால் வேலையை மட்டும் எடுத்துப் பாருங்கள். பருத்தியின் மேல் ஒரு பூச்சை ஏற்றுவது, அந்தப் பூச்சு தேய்ந்து போகும் என்று தெரிந்தே ஏற்றுவது, பதத்தையும் சூட்டையும் கையால் அறிவது எல்லாம் இரண்டிலும் ஒன்று. அங்கே அதற்கு விலைப்பட்டியலில் இடம் இருக்கிறது. இங்கே பெயர்கூட ஏடேறவில்லை.

துணியின் விலைக்குள் எல்லா வேலையும் அடங்கித்தானே இருக்கிறது, கஞ்சியைப் பிரித்துக் காட்டுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். விலை உயரும் காலத்தில் அடங்கியிருப்பதில் பெரிய தீங்கும் இல்லை. விலை நெருக்கப்படும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தத் தொழில் அந்த நெருக்கடியைப் பலதடவை கண்டிருக்கிறது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது இறக்குமதித் துணி குவிந்து நாடெங்கும் தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கடற்கரைப் பக்கத்து வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2022இல் ரூபாய் விழுந்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருகிற தொழிலுக்கு அது நேரடி அடி. அரிசியும் மாவும்கூட அதே ஆண்டில் எட்டாத விலைக்குப் போயின. நூலுக்கு விலை உண்டு, சாயத்துக்கு விலை உண்டு, நெசவுக்குக் கூலி உண்டு. கணக்கில் இல்லாத ஒன்றே ஒன்றைத்தான் யாரும் கேட்காமல் இறுக்க முடியும். அது அந்தப் பெண்ணின் நேரம்.

இரட்டைப்புரி நூல் வந்துவிட்டது, பொலியெஸ்டர் வந்துவிட்டது, கஞ்சி வேலையே மறையப் போகிறது, மறைகிற வேலைக்குக் கூலி கேட்பதில் பயனில்லை என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு இழையை முறுக்கிய நூலுக்குக் கஞ்சி குறைவாகப் போதும் என்பது உண்மை. சில துணிக்குத் தேவையே இல்லை. ஆனால் முறுக்கிய நூலுக்கு விலை கூடுதல், மெல்லிய சாரனுக்கு அதன் கனம் பொருந்தாது. பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. இந்தக் கரையின் புழுக்கத்தில் பகல் முழுதும் உடுத்தியிருக்கிற சாரனுக்கு அது சரிப்படாது. இயந்திரத் தறி வந்தால் கஞ்சி போய்விடும் என்று நினைப்பதும் பிழை. இயந்திரத்தறி இன்னும் வேகமாக அடிக்கிறது. அதற்குப் பூச்சு இன்னும் கூடுதலாக வேண்டும். தமிழ்நாட்டில் ஈரோடு, பல்லடம், சோமனூர்ப் பக்கம் பாவுக்குக் கஞ்சி ஏற்றுவதற்கென்றே சைசிங் ஆலைகள் தனியாக இயங்குகின்றன. அவை நூலைச் சொந்தமாக வாங்குவதும் இல்லை, துணி நெய்வதும் இல்லை. விசைத்தறிக்காரர் கொண்டுவரும் நூலுக்குக் கஞ்சி ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகின்றன. கஞ்சிக்கூலி கூடினால் விசைத்தறிக்காரர் கூட்டம் போட்டுப் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். ஆக, வேலை மறைவது ஒருபுறம் இருக்கட்டும். ஆண்கள் ஆலையில் செய்தவுடன் அதே வேலைக்கு விலை வந்துவிட்டது.

கஞ்சியைப் பற்றி இன்னொரு முணுமுணுப்பும் உண்டு. அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கஞ்சி ஏமாற்று வேலைக்கும் உதவுகிறது. நெருக்கமில்லாமல் நெய்த துணிக்கு மேலாகக் கெட்டிக் கஞ்சி போட்டு மடித்து வைத்தால் கடையில் மொடமொடப்பாக இருக்கும். முதல் கழுவலோடு வலைபோல ஆகிவிடும். இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் லங்காஷயர் ஆலைக்காரர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் நல்ல பஞ்சு வரத்து நின்றபோது, குட்டை இழையுள்ள சூரத் பஞ்சைத் தறியில் ஓட்ட மாவோடு சீனக்களிமண்ணையும் சேர்த்துப் பூசினார்கள். போர் முடிந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிழக்கே அனுப்பிய துணிகளில் எடைக்காகவே களிமண் ஏற்றினார்கள், கப்பலிலேயே அவை பூஞ்சணம் பிடித்தன. ஆகவே வாங்குகிறவர் கஞ்சியைச் சந்தேகிப்பதில் காரணம் இருக்கிறது. ஆனால் நெய்தபிறகு துணியின் மேல் ஏற்றும் கஞ்சி வேறு, நெய்வதற்குமுன் நூலுக்குள் ஏற்றும் கஞ்சி வேறு. துணியை இரண்டு விரலால் கசக்கிப் பாருங்கள். மாவு தூளாக உதிர்ந்தால் அது மேற்பூச்சு. நூலுக்குள் ஏறிய கஞ்சி அப்படி உதிராது, ஒரு கழுவலில் போனபின்னும் நெசவின் நெருக்கத்தில் தன் வேலையைக் காட்டும். முன்னதைக் காட்டிப் பின்னதை மதிப்பிழக்கச் செய்வது நேர்மையான ஆட்களுக்குச் செய்யும் அநியாயம்.

இனி, முற்றத்து வேலையை எப்படி அளப்பது? ஆலையில் கிலோ கணக்கு உண்டு; வீட்டில் சமையலுக்கு நடுவே செய்வதை யார் எண்ணுவது என்பார்கள். நேரத்தை எண்ண வேண்டாம், நூலை எண்ணலாம். நூல் ஏற்கெனவே எடையாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அதே எடைக்குக் கஞ்சிக்கு ஒரு வீதம், சுற்றலுக்கு ஒரு வீதம் என்று வைப்பதில் கணக்குச் சிக்கல் ஏதும் இல்லை. ஆட்களை எண்ண முடியாது என்பதும் சரியல்ல. இந்தியாவின் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளரைத் தனியாகவும், நூல் ஆயத்தம் போன்ற துணைவேலை செய்வோரைத் தனியாகவும் எண்ணியது: முன்னவர் சுமார் 26.7 இலட்சம், பின்னவர் சுமார் 8.5 இலட்சம். அங்கும் கூலி நியாயமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எண்ணப்பட்டவர்களுக்காக ஒரு திட்டம் கேட்க முடியும், எண்ணப்படாதவர்களுக்காகக் கேட்க முடியாது.

விலை கூடினால் சாரன் விற்காது என்ற பயம் முதலாளிமாருக்கு இருக்கிறது. அதைச் சும்மா பயம் என்று தள்ள முடியாது. பக்கத்துக் கடையில் இறக்குமதிச் சாரன் மலிவாகத் தொங்குகிறது. ஆனால் மலிவில் அதனோடு போட்டியிட்டு மருதமுனை ஒருநாளும் வெல்லப் போவதில்லை. மருதமுனைச் சாரனைத் தேடி வாங்குகிறவர் மலிவுக்காக வாங்குவதில்லை. நெருக்கத்துக்காகவும் நிறம் போகாததற்காகவும் வாங்குகிறார். அந்த நெருக்கம் கஞ்சியின் பதத்திலிருந்து வருகிறது. பதம் தெரிந்தவர்கள் இப்போது முதிர்ந்தவர்களாக இருக்கிறார்கள். இளையவர்களுக்கு ஆடைத் தொழிற்சாலையும் மத்திய கிழக்கும் கடை வேலையும் இருக்கின்றன. அங்கே மாத முடிவில் கையில் ஒரு தொகை வரும். கூலியே இல்லாத வேலையைக் கற்றுக்கொள்ளாத பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதில் பொருளில்லை. அவளுடைய கணக்கு சரியான கணக்கு.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த உதவிகளில் தறிக்குத்தான் கண் போயிற்று. தறியை எண்ணலாம், படம் எடுக்கலாம், பெயர்ப்பலகை மாட்டலாம். மழைக்காலத்தில் கழி காயப்போட ஒரு கூரைப் பந்தல், நல்ல அடுப்பு, புகை போக வழி, சாயநீர் கிணற்றில் இறங்காமல் ஒரு வடிகால் என்பவை தறியைவிடச் செலவு குறைந்தவை. ஆனால் நான் பார்த்த முற்றங்களில் இவை அரிது. மாகாணக் கிராமியக் கைத்தொழில் திணைக்களம் போன்ற அரச நிறுவனங்கள் தாம் நடத்தும் நிலையங்களிலேயே இதைத் தொடங்கலாம். கூலிச்சீட்டில் துணிக்கு மேலே கஞ்சிக்கும் சுற்றலுக்கும் இரண்டு வரி சேர்த்து, அந்த வரிகளுக்கு உரிய பணத்தை அந்த வேலையைச் செய்தவரின் பெயருக்கே எழுதட்டும். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில்தானே, யார் பெயரில் எழுதினால் என்ன என்று கேட்பார்கள். ஒரே வீடு என்பதால் வித்தியாசம் இல்லை என்றால், அவள் பெயரில் எழுதுவதற்கும் தடை இல்லை.