கண்மாய்க்குள் ஓர் இறக்கை

எங்கள் செட்டிநாட்டில் பாராகிளைடர் கிளப்ப ஏற்ற மலை கிடையாது. குன்றக்குடியில் சண்முகநாதர் இருக்கும் குன்று, பிள்ளையார்பட்டியில் குடைந்த பாறை, மேற்கே தள்ளிப் போனால் பிரான்மலை. மற்றதெல்லாம் செம்மண்ணும் கண்மாயும் பொட்டலும்தான். ஆனாலும் வானத்தின் மேல் ஆசை இந்த ஊருக்குப் புதிதல்ல. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், லண்டனுக்குப் போன காலத்தில் குராய்டனில் விமானம் ஓட்டப் பழகிச் சான்றிதழும் வாங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுதளம் செட்டிநாட்டில் இன்றும் கிடக்கிறது. அந்த மண்ணிலிருந்துதான் பாராகிளைடர் பழக இமாசலப் பிரதேசத்துக்கு ரயில் ஏறினேன்.

நான் பழகப் போன பீர் மலையடிவாரத்து ஊர். பில்லிங் அதற்கு மேலே, ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்சரிவு. 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் பல நாட்டு விமானிகள் இங்கே கூடுகிறார்கள். வெயில் ஏறியதும் சரிவை ஒட்டி மேல்நோக்கிக் காற்று கிளம்பும். அதுவரை எல்லாரும் புல்லில் உட்கார்ந்து, காற்றின் திசை காட்டும் காற்றுப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பாராகிளைடிங் என்றால் மலையிலிருந்து குதிப்பது என்றுதான் ஊரில் கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். யாரும் குதிப்பதில்லை. 1978இல் பிரான்சின் மியூசி என்ற மலையூரில் பாராசூட் வீரர்கள் மூவர், விமானத்துக்குச் செலவழிக்காமல் சரிவிலேயே ஓடிக் கிளம்பினார்கள். இன்றும் அந்த ஓட்டம்தான் அடிப்படை.

பயிற்சியாளர் எங்களை நேரே பில்லிங்குக்கு ஏற்றவில்லை. கீழே ஒரு சின்ன மேட்டில் துணியை விரிக்கவும் மடிக்கவும் வைத்தார். பாராகிளைடருக்கு விறைப்பான சட்டம் இல்லை. முன்விளிம்பில் வரிசையாகத் திறந்திருக்கும் வாய்கள் வழியாகக் காற்று புகுந்து நிறைந்தால்தான் துணி இறக்கையாகும். அதனால் விரிப்பதிலேயே கவனம் தொடங்குகிறது. நடுப்பகுதி மேட்டுப்பக்கம் ஏறி, இரண்டு நுனிகளும் நம்மை நோக்கி வளைந்து லாடம்போலக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் நடு அறைகள் முதலில் நிறைந்து இறக்கை நேராக எழும். கயிறுகளில் சில ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்தவை. ஒரு சுள்ளி மாட்டினாலும் ஒரு முடிச்சு விழுந்தாலும் இறக்கை ஒருபக்கமாக இழுக்கும். ஒவ்வொரு கொத்தாகத் தூக்கி, பிரித்து, கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

பிறகு உடம்பு. ஹெல்மெட் முதலில், அடுத்தது இருக்கையின் தொடைப்பட்டைகள், பிறகு மார்புப்பட்டை. கழற்றும்போது ஹெல்மெட்தான் கடைசி. காராபினர் என்ற கொக்கி பூட்டியிருக்கிறதா, ரிசர்வ் பாராசூட்டின் ஊசி இடத்தில் இருக்கிறதா, கயிறுகளை இருக்கையோடு சேர்க்கும் ரைசர் பட்டை முறுக்கில்லாமல் இருக்கிறதா, காற்று எதிரே வருகிறதா, மேலே வேறு யாரும் பறக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் பறந்தவர்களும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பதைப் பில்லிங்கில் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அப்போதுதான்.

கிளம்புவதில் மூன்று கட்டங்கள். இறக்கையைத் தலைக்கு மேல் எழுப்புவது, நிமிர்ந்து பார்த்து அடக்குவது, ஓடுவது. நடுவில் உள்ளதுதான் முழு வித்தையும். இறக்கை கோணலாக எழுந்தால் அதற்கு அடியில் நகர்ந்து போய் நிற்க வேண்டும். சரியாகவில்லை என்றால் பிரேக் கயிறுகளை முழுக்க இழுத்துத் துணியைக் கீழே போட்டுவிட வேண்டும். அந்தக் கணம் வரைக்கும் எல்லாவற்றையும் நிறுத்தலாம். காற்று மெலிதாக இருந்தால் முன்பக்கம் பார்த்து ஓடுவார்கள். சற்று வலுத்தால் இறக்கையைப் பார்த்து நின்று எழுப்பி, பிறகு திரும்புவார்கள். பின்காற்றில் கிளம்பவே கூடாது. பில்லிங் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே இறக்கை அதே ஆளைத் தூக்கப் பத்து விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான வேகம் கேட்கும். கீழ்மேட்டில் போதுமென்று தோன்றிய ஓட்டம் மேலே போதாது.

ஊர் திரும்பியதும் ஒரு பழைய பயிற்சி இறக்கையோடு வறண்ட கண்மாய்க்குள் இறங்கினேன். பறப்பதற்கல்ல, எழுப்பி நிறுத்திப் பழக மட்டும். இதற்குச் செட்டிநாட்டைப்போல நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பேன். ஆனால் சீமைக்கருவேல முள் துணியைக் கிழிக்கும்; முள் இல்லாத திட்டாகத் தேடிப் பெருக்க வேண்டும். உச்சிவெயிலில் பொட்டல் சூடேறி, புழுதி சுழன்று எழும். அந்த நேரத்தில் இறக்கையைப் பையிலிருந்தே எடுக்கக் கூடாது. தரையில்தானே என்று ஹெல்மெட்டை விடவும் கூடாது. ஒரு வீச்சு போதும், ஆளைத் தூக்கி அடிக்க.

ஆடு மேய்க்கும் ஓர் ஆத்தா வரப்பில் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, இம்புட்டுத் துணிய விரிச்சுப்புட்டுப் பறக்காம நிக்கிறீக?"

"பழகுறேன் ஆத்தா. இங்கன பறக்க மாட்டேன்."

"வெயிலு தாழட்டும். தொண்டிப் பக்கமிருந்து கடக்காத்து வரும், அது ஒரே சீரா அடிக்கும்."

அவர் சொன்னபடியே மாலையில் கீழ்த்திசையிலிருந்து ஒரே சீராகக் காற்று வந்தது. இறக்கை தலைக்கு மேல் அசையாமல் நின்றது. பில்லிங்கில் காற்றுப்பையைப் பார்த்துக் கற்றதை அவர் புளிய இலையிலும் புழுதியிலும் பார்த்து வைத்திருக்கிறார்.

பழகப் போகாமல், சுற்றுலாவில் விமானியோடு சேர்ந்து பறக்கிறவர்கள்தாம் நம் ஊரில் அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதத் தோன்றியது. 2019 நவம்பரில் இமாசலத்தின் குலு பக்கம் சென்னை இளைஞர் ஒருவர் அப்படிப் பறக்கையில் பட்டை கழன்று விழுந்து இறந்தார் என்று செய்தி வந்தது. 2024 பிப்ரவரியில் அதே குலுவில் சுற்றுலா வந்த பெண் ஒருவர், பட்டை சரியாகப் பூட்டப்படாததால் இறந்தார் என்றார்கள். இரண்டையும் படிக்கும்போது நெஞ்சு பதறியது. வரிசை நீளுகிறது என்று அவசரப்படுத்துவார்கள், அவசரப்படாதீர்கள். இரண்டு தொடைப்பட்டைகளையும் மார்புப்பட்டையையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். உங்களை விமானியோடு சேர்க்கும் காராபினர் இரண்டும் பூட்டியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். காற்றுப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று கேளுங்கள். ஓடச் சொன்னால், கால் தரையை விட்டு எழும்வரை ஓடுங்கள். நடுவில் இருக்கையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.