எண்ணால் அறியப்படும் மனிதர்

ஜூ டவுன், மட்டாஞ்சேரி
1998 ஜூன் 8, திங்கள்

மழை விடாமல் பெய்ய, கீழ்த்தளத்து மிளகு மூட்டைகளின் காரமும் சுக்கின் மணமும் ஈரக்காற்றோடு மாடியேறி வரும் இந்த அறையில், ஒரு பழைய வியாபாரக் குடும்பத்தின் பேரேடுகளைப் படம்பிடித்துக் கணினியில் சேமிக்கும் பணியில் அமர்ந்து மூன்று வாரங்களாகின்றன. சன், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என மூன்று கணினிகள். மூன்றும் யூனிக்ஸ் வம்சத்தவையே ஆயினும், ஒன்றின் வட்டிலிருப்பதை மற்றொன்று அறியாது. நாடாவில் ஏற்றியும் இறக்கியும் சலித்துப்போய், சன் நிறுவனம் 1984-இல் உருவாக்கிப் பிறரும் கையாளும்படி இலக்கணத்தை வெளியிட்டதும், ஒரு கணினியின் கோப்புகளை வலைவழியே மற்றொன்றில் திறக்க உதவுவதுமான என்.எஃப்.எஸ். முறையை நாடுவதென்று தீர்மானித்தேன்.

சன்னின் ஸ்பார்க் சில்லு ஓர் எண்ணின் பெரும்பகுதியை முதலில் வைக்கும். மற்ற இரண்டிலுமுள்ள இன்டெல் சில்லு சிறுபகுதியை முதலில் வைக்கும். இந்தப் பேதத்தை நிவர்த்திக்க, வலையில் செல்வதெல்லாம் எக்ஸ்.டி.ஆர். என்னும் ஒரே பொதுவடிவில் செல்லுமாறு வகுத்திருக்கிறார்கள். தெருமுனையில், 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டின் ஒரு முகத்தில் எபிரேய எழுத்தும் மற்றொன்றில் ரோமானிய இலக்கமும் இருப்பதை மாலையில் நெடுநேரம் பார்த்து நின்றேன்.

ஜூன் 9, செவ்வாய்

எந்தக் கோப்பகத்தை எந்தக் கணினிகளுக்குத் திறப்பது என்பதைச் சன்னின் டிஎஃப்எஸ்டேப் கோப்பில் ஒரே வரியில் எழுதி, ஷேர்ஆல் கட்டளையைக் கொடுத்தேன். கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் பொறித்தளித்து, இவ்வூர்ப் பரதேசி ஜெப ஆலயம் இன்றும் காத்துவரும் செப்பேட்டிலும், இன்னாருக்கு இன்ன உரிமை என்ற வரையறையே உள்ளது.

அந்தக் கோப்பகத்தை லினக்ஸில் மவுண்ட் செய்து இணைத்தவுடன் படங்கள் தோன்றின. ஆனால் எல்லா உரிமையுமுள்ள நிர்வாகியான ரூட்டாக இருந்து எழுத முயன்றதும் அனுமதி கிடைக்கவில்லை. பழுதென்று எண்ணிப் பகலெல்லாம் வரியை மாற்றி மாற்றி எழுதிய பிறகே, அயற்கணினியின் ரூட்டைச் சன் தானாகவே 60001 என்ற எண்ணுடைய ‘நோபடி’யாக்கிவிடுகிறது என்று கையேட்டில் கண்டேன். இது பழுதன்று, காவல். அதைத் தளர்த்த வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

இன்றுதான் மெய்யான சிரமம் வெளிப்பட்டது. "சார், நீங்க சேமிச்ச பக்கமெல்லாம் என் பேர்ல இருக்கு" என்று, ஃப்ரீபிஎஸ்டியின் முன் அமர்ந்திருந்த உதவியாளத் தம்பி திகைத்துக் கூறினான். என்.எஃப்.எஸ். மனிதனைப் பெயரால் அறிவதில்லை, எண்ணொன்றையே அனுப்புகிறது. சன்னில் என் எண் 1001. லினக்ஸில் நான் 500. ஃப்ரீபிஎஸ்டியிலோ 1001 அவனுடையது. ஆகையால் நான் எழுதியவை அவனுடையவையாகவும், அவன் அழித்தால் அழியக்கூடியவையாகவும் கிடந்தன. லினக்ஸிலிருந்த எனக்கோ என் கோப்புகளிலேயே எழுத உரிமையில்லை. பாத்தியதை இப்படி இடம் மாறியிருப்பதை எந்தக் கணினியும் எச்சரிக்கவில்லை என்பதுதான் என் மனத்தை வருத்தியது.

மூன்றிலும் எண்களை ஒன்றாக்கி, பழைய எண்ணில் தங்கிவிட்ட கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி, சௌன் கட்டளையால் ஒவ்வொன்றாக உரிமை மாற்றி முடிக்கையில் இரவு பதினொன்று. கணினிகள் மிகுந்தால் என்.ஐ.எஸ். வைத்து ஒரே பட்டியலை எல்லோருக்கும் வழங்கலாம்; மூன்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

ஜூன் 13, சனி

லினக்ஸின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்ததால், அதில் திருத்திய பக்கங்களை நகலெடுக்கும் நிரல் பழையவையென்று தள்ளிவிட்டது. கடிகாரங்களை ஒத்திசைக்கும் எக்ஸ்என்டிபிடி நிரலை ஏற்றி, சன்னின் நேரத்தையே மற்ற இரண்டும் பின்பற்றச் செய்தேன்.

இந்தப் பணியை மேற்கொள்வோருக்கு ஒன்று கூறுவேன்: முதல் கோப்பகத்தைத் திறந்துவிடுவதற்கு முன்பே, யாருக்கு எந்த எண் என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லாக் கணினிகளிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.