லாகூரின் அரசப் பாதை

லாகூர் பழைய நகரத்தின் கிழக்கு மதிலில் உள்ள தில்லி வாசலில் தொடங்கி, கோட்டையின் அக்பரி வாசலில் முடியும் தெருவுக்கு ஷாஹி குஸர்காஹ், அதாவது அரசப் பாதை என்று பெயர். முகலாய அரசர்கள் தில்லியிலிருந்து வரும்போது பரிவாரத்தோடு கோட்டைக்குச் சென்ற வழி இது. நீளம் சுமார் 1.6 கிலோமீட்டர்தான். நடையாக அரை மணிக்குள் கடந்துவிடலாம். நின்று பார்ப்பவருக்கு ஒரு பகல் முழுதும் தேவைப்படும்.

அக்பர் காலத்தில் செங்கல் மதில் சூழ்ந்த இந்நகருக்கு 13 வாசல்கள் இருந்தன. இன்று எஞ்சியவை ஆறு. தில்லி வாசலும் அவற்றில் ஒன்று. ஆனால் இப்போது நிற்கும் கட்டடம் பிரிட்டிஷ் ஆட்சியில் திரும்பக் கட்டப்பட்டது. வாசலுக்கு வெளியே ரயில் நிலையப் பக்கம் பழைய துணி விற்கும் லண்டா பஜார். உள்ளே ஒரு பக்கம் அக்பரி மண்டி. தானியமும் மிளகாயும் மஞ்சளும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் மொத்தச் சந்தை.

வாசலை ஒட்டியே ஷாஹி ஹம்மாம் இருக்கிறது. ஷாஜகான் காலத்தில் பஞ்சாபின் ஆளுநராக இருந்த, வசீர் கான் என்று பட்டம் பெற்ற ஹகீம் இல்முத்தீன் அன்சாரி 1635-இல் கட்டிய பொதுக் குளியல்கூடம். தொலைதூரப் பயணிகள் புழுதியோடு நகருக்குள் நுழையும் இடத்தில் குளியல்கூடம் அமைத்ததில் வியாபாரக் கணக்கும் இருந்தது. சற்றுத் தள்ளி அவர் எழுப்பிய மசூதியின் பராமரிப்புக்கென எழுதிவைத்த சொத்துகளில் இதுவும் ஒன்று. ஒன்றோடொன்று இணைந்த அறைகள். உடை மாற்ற ஒரு பகுதி, இளஞ்சூட்டுக்கு ஒரு பகுதி, வெந்நீருக்கு ஒரு பகுதி. தரைக்கு அடியில் ஓடிய சூட்டுக் காற்றுதான் அறைகளைக் கதகதப்பாக வைத்தது. பிற்காலத்தில் பள்ளிக்கூடமாகவும் அலுவலகமாகவும் கடைகளாகவும் கட்டடம் சிதறிப்போனது. 2013 முதல் 2015 வரை நடந்த சீரமைப்பின்போது தரையைத் தோண்டியதில் பழைய அடுப்பும் நீர் வடிகால்களும் வெளிப்பட்டன. இந்தப் பணிக்கு 2016-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. சுவர் ஓவியங்களைவிட இந்த அடுப்பும் வடிகாலும்தான் பார்க்க வேண்டியவை. கட்டடம் எப்படி இயங்கியது என்பதை அவையே காட்டுகின்றன.

சிட்டா தர்வாசா என்ற சிறு வாசலைக் கடந்தால் வசீர் கான் சதுக்கம். 1634-ஐ ஒட்டித் தொடங்கிச் சுமார் ஏழு ஆண்டுகளில் முடிக்கப்பட்ட வசீர் கான் மசூதி இங்கேதான் இருக்கிறது. செங்கல் கட்டடம், அதன் மேல் காஷி-காரி எனப்படும் வண்ண ஓட்டு வேலை. பளிங்கு எளிதில் கிடைக்காத பஞ்சாபில் செங்கல்லுக்குப் பளபளப்பு ஏற்ற வழி அது. பூக்கள், சைப்ரஸ் மரங்கள், எழுத்தணிகள் ஆகியவை மஞ்சள், நீலம், பச்சை நிறங்களில் பதிக்கப்பட்டுள்ளன. நான்கு மூலைகளிலும் மினார்கள். முற்றத்தின் தரைமட்டத்துக்குக் கீழே மீரான் பாதுஷா என்ற சூஃபியின் சமாதி இருக்கிறது. மசூதியைவிட மிகப் பழையது. இடத்தைத் தேர்ந்ததே அந்தச் சமாதிக்காகத்தான்.

மசூதியின் நுழைவாயிலுக்குள்ளேயே ஒரு கடைவரிசை குறுக்காக ஓடுகிறது. எழுத்தணிக் கலைஞர்களுக்கும் புத்தகம் கட்டுபவர்களுக்கும் என்று திட்டமிட்டே கட்டியது. கடை வாடகை மசூதிக்கு. மசூதிக்கு வரும் கூட்டம் கடைக்கு. பிரிட்டிஷ் காலத்தில் லாகூர் மேயோ கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த ஜான் லாக்வுட் கிப்ளிங், ஓவிய மாணவர்களுக்கு இந்த மசூதியே ஒரு பள்ளிக்கூடம் என்று கருதினார்.

சதுக்கத்தில் ராஜா தீனாநாத் கட்டிய குவிமாடக் கிணறு ஒன்றும் உண்டு. சீக்கிய அரசர் ரஞ்சித் சிங்கின் அரசவையில் நிதிப் பொறுப்பில் இருந்தவர் அவர். காலப்போக்கில் சதுக்கத்தின் தரை மேடாகி, கடைகள் மசூதிச் சுவரில் ஒட்டிக்கொண்டன. 2012-இல் சட்டப்படி அமைந்த லாகூர் பழைய நகர ஆணையமும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் சேர்ந்து கடைகளை அகற்றி, தரையைத் தாழ்த்தின. தெருவின் இந்தப் பகுதியில் மின்கம்பிகள் மண்ணுக்கடியில் சென்றுவிட்டன. வீட்டு முகப்புகளும் பூசி வண்ணமடிக்கப்பட்டன. சில முகப்புகள் அளவுக்கு மீறிப் புதிதாகத் தெரிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து காஷ்மீரி பஜார். ஜவுளி, பித்தளைப் பாத்திரம், வளையல் என்று நெருக்கடி. அதன் நடுவே பொன் முலாம் பூசிய குவிமாடங்களோடு சுனேரி மசூதி உயர்ந்து நிற்கிறது. 1753-இல் நவாப் பிகாரி கான் கட்டியது. தெரு ஏற்கெனவே நெருங்கிவிட்டதால் கீழே கடைகள், மேலே மசூதி என்ற அமைப்பு. படியேறிப் போக வேண்டும். வசீர் கான் கடைப்பிடித்த வாடகைக் கணக்கே இங்கு மாடியாக உருவெடுத்திருக்கிறது. சீக்கியர் ஆட்சியில் மசூதி கைப்பற்றப்பட்டு, பாங்கு உரக்க ஒலிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ரஞ்சித் சிங்கால் திருப்பித் தரப்பட்டது. கடைகளின் வருமானத்தை மட்டும் அரசு வைத்துக்கொண்டது.

ரங் மஹல் பகுதியைத் தாண்டினால் சூனா மண்டி. சீக்கியரின் நான்காம் குரு ராம் தாஸ் 1534-இல் பிறந்த இடத்தில் குருத்வாரா இருக்கிறது. அருகே சீக்கியப் பிரபுக்களின் ஹவேலி எனும் பெரிய மாளிகை ஒன்று மகளிர் கல்லூரியாக இயங்குகிறது.

கோட்டையை நெருங்கும் இடத்தில் மரியம் ஜமானி மசூதி. ஜஹாங்கீரின் தாயார் பெயரில் 1611–1614-இல் எழுந்தது. லாகூரில் எஞ்சியுள்ள முகலாய மசூதிகளில் மிகப் பழையது. வெளியே கனத்த, அலங்காரம் குறைந்த சுவர்கள். உள்ளே குவிமாடத்தில் நுணுக்கமான வண்ண ஓவியம். ரஞ்சித் சிங் காலத்தில் இது வெடிமருந்துக் கிடங்கானது. 1850-இல் முஸ்லிம்களிடம் திரும்ப வந்தது. இங்கேயும் கடைகள் சுவரை நெருக்கின, ஆனால் திட்டமிட்டு அமைந்த கடைகள் அல்ல. தெருவிலிருந்து மசூதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாதை முடியும் அக்பரி வாசல் கோட்டையின் கிழக்கு முகம். ஔரங்கசீப் 1673-இல் மேற்கே பாதுஷாஹி மசூதியைக் கட்டி முடித்து, அதற்கு எதிரே 1674-இல் ஆலம்கீரி வாசலை எழுப்பியபின் கோட்டையின் முன்பக்கமே மாறிப்போனது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் இன்றும் கோட்டைக்குள் நுழைவது மேற்குப் பக்கமாகத்தான். அரசப் பாதையில் நடந்து வந்தவர் உள்ளே போக மதிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் செல்ல வேண்டியிருக்கும்.