பத்து நிமிடம், மெஷின் பக்கத்தில்

ஸ்ரீபெரும்புதூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, நேற்று கோயிலுக்குத் தானே நடந்து போய்விட்டு வந்தாள். ஓசூர் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கினாயா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அவளுக்கு ஒரு போன் போடு.

இன்ஜெக்ஷன் மோல்டிங் பயிற்சிக்கென்று நீ தயாரித்த 64 ஸ்லைடையும் பார்த்தேன். கிண்டி சிப்பெட்டில் மூன்று வருடம் படித்த பிள்ளை செய்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கடைசியில் எழுதியிருக்கிறாயே, நைட் ஷிஃப்ட் ஆட்களுக்குக் காலை 6 மணிக்கு மேல் கேன்டீன் ஹாலில் இரண்டு மணி நேரம் என்று, அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் ‘சரிக்கா’ என்று வைத்துவிடுவாய்.

அந்தக் காலை 6 மணியில் நானும் வகுப்பு எடுத்திருக்கிறேன். உனக்கு இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. முன்பு நான் இருந்த கம்பெனியில் பர்ஜிங் பற்றி ஒரு வகுப்பு. மூன்றாவது வரிசையில் ஒடிசாப் பையன் ஒருவன், பத்தொன்பது வயது இருக்கும், நேராக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கவனிக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். வெளியே பஸ் ஹாரன் அடித்ததும் எல்லாரோடும் சேர்ந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினான்.

இரண்டு வாரம் கழித்து, விடியற்காலை நாலு மணிக்குக் கறுப்பிலிருந்து வெள்ளைக்குக் கலர் மாற்றினார்கள். பர்ஜிங்கில் பேரலிலிருந்து தள்ளிய பிபி பிளாஸ்டிக் உருண்டை தட்டில் கிடந்தது. மேலே மங்கிப்போய், ஆறின மாதிரிதான் இருக்கும். உள்ளே இருநூறு டிகிரிக்குக் குறையாத குழம்பு. பருத்திக் கையுறையோடு அந்தப் பையன் அதை அள்ளித் தொட்டியில் போடப் போனான். அழுத்தியதும் உருண்டை பிளந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப்போய்ப் பிய்த்து இழுத்தார்கள், தோலும் கூடவே வந்துவிட்டது. பிய்க்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்ட வேண்டும் என்று அதே வகுப்பில் நான் சொல்லியிருந்தேன். யார் காதிலும் அது விழுந்திருக்கவில்லை.

விசாரணையில் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார்கள். அவன் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து. பயிற்சி கொடுத்தாயிற்று என்று முடித்துவிட்டார்கள். அவன் கையெழுத்துப் போட்ட தாள் தமிழில் அச்சடித்தது, தம்பி. அவனுக்குத் தமிழ் படிக்கவே தெரியாது. அதை நீட்டியவள் நான்.

அதனால்தான் சொல்கிறேன், இரவெல்லாம் நின்றவனைக் காலையில் உட்கார வைக்காதே. நைட் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதை ராத்திரி பத்தரை மணிக்கு, அவர்கள் தெளிவாக இருக்கும்போது போய்ச் சொல். மூன்று மணிக்கு மேல் புதிதாக ஒன்றும் ஆரம்பிக்காதே, அந்த நேரத்துக்கு உடம்பே ஒத்துழைக்காது. ஷிஃப்ட் முடிந்தபின் ஆட்களை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று ஒரு நாள் வந்தால், அதை ஓவர்டைமாக எழுதச் சொல்லி வற்புறுத்து. இரட்டைக் கூலி என்று சட்டமே சொல்கிறது. பஸ்ஸுக்கும் ஏற்பாடு செய். அவர்கள் மனசு பாதி அந்த பஸ்ஸில்தான் இருக்கும்.

ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம், மெஷின் பக்கத்தில், ஒரே ஒரு விஷயம். இதற்கு உனக்குப் புரொஜெக்டரைவிட ரிலீவர் ஒருவர்தான் முக்கியம். மேனேஜரிடம் முதலில் அதைக் கேள். மெஷின் நின்றால் பேரலில் மால் கருகும், மறுபடி ஓட்டும்போது முதல் சில ஷாட் ரிஜெக்ட் ஆகும் என்பார், அது உண்மைதான். ரிலீவர் வந்து நின்றால் மெஷின் நிற்காது. நிறுத்தியே ஆகவேண்டும் என்றாலும் 40 செகண்ட் சைக்கிளில் பத்து நிமிடத்துக்கு 15 ஷாட்தான் போகும். அந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டு. போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே, பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் உரிமை என்று எழுதிவிட்டார்கள். யாரிடமும் நீ சலுகை கேட்கவில்லை.

‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்காதே, எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘எனக்குச் செஞ்சு காட்டு’ என்று சொல்லிவிட்டு நீ பின்னால் தள்ளி நில். ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்களில் வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, முதலில் அவருக்குக் கற்றுக்கொடு. அப்புறம் அவரே மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அவர் சொல்லும்போது அவர்கள் கேள்வி கேட்பதைப் பார். உன்னிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வியெல்லாம் வரும்.

நைலானை ஏன் டிரையரில் காய வைக்கிறோம் என்பதற்கு நீ ஐந்து ஸ்லைடு போட்டிருக்கிறாய். நான் அரக்கோணத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்களிடம் ஈரக் கரண்டியைக் கொதிக்கிற எண்ணெயில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேரலுக்குள் அதே ஈரம் ஆவியாகித்தான் பீஸ் மேல் வெள்ளிக்கோடாக வருகிறது என்றதும், அடுத்த வாரமே ஒருத்தி ஹாப்பரைத் தொட்டுப் பார்த்து, ‘சூடு இல்லையேக்கா’ என்று ஓடி வந்தாள். ஹீட்டர் போயிருந்தது. நானே கவனிக்கவில்லை.

பிவிசி ஓட்டிய பேரலில் அசிட்டாலைப் போடக் கூடாது என்கிற ஸ்லைடு 51-ஆவதாக வருகிறது. அதை முதல் நாளே சொல்லிவிடு. இரண்டும் சூட்டில் கலந்தால் அசிட்டால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு கிளம்பும், நாஸில் வெடிக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறலாம். மால் மாற்றுகிற ஆளுக்கு இது தெரியாமல் ஒரு ஷிஃப்ட்கூடப் போகக் கூடாது.

சேஃப்டி கேட்டின் லிமிட் சுவிட்சைக் கம்பியால் கட்டியிருப்பதைப் பார்த்தால் மெஷினை நிறுத்து, மெயின்டனன்ஸைக் கூப்பிடு. ஆபரேட்டரைத் திட்டாதே. அந்த மெஷினுக்கு டார்கெட் போட்டது யார் என்று விசாரி.

அடுத்த சனிக்கிழமை மாமா ஓசூர் வருகிறார், அவர் கையில் ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்து விடுகிறேன். பதினோரு வருடமாக நான் சேர்த்த ரிஜெக்ட் பீஸ்கள் அதில் இருக்கின்றன. ஷார்ட் ஷாட், ஃபிளாஷ், சிங்க் மார்க், பர்ன் மார்க் எல்லாம் உண்டு. ஆட்கள் கையில் கொடு, தடவிப் பார்க்கட்டும். அடியில் துணியில் சுற்றி வைத்திருப்பது ஒரு பர்ஜிங் உருண்டை. அதைக் குறுக்கே அறுத்திருக்கிறேன். சூடாக இருக்கும்போது வெளியே கெட்டி ஓடு எவ்வளவு மெல்லிசு என்று அறுத்த இடத்தில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். அதை முதலில் காட்டு.

அன்புடன்
அக்கா