பெரியமேட்டில் மட்டெராசி இருந்த காலம்

வடகிழக்குப் பருவமழையும் கால்பந்தும் சேர்ந்தே வந்த மூன்று ஆண்டுகள் சென்னைக்கு இருந்தன. 2014, 2015, 2016. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும் சின்ன சீசன். சென்ட்ரலுக்கு மெட்ரோ ரயில் வராத காலம். மின்சார ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கி, பெரியமேட்டுத் தோல் கடைகளின் வாசனைக்குள் நுழைந்து, நீல ஜெர்சி போட்ட கூட்டத்தோடு நேரு ஸ்டேடியம் வரை நடப்போம். இப்போது நான் கோவையில் இருக்கிறேன். சென்னையின் எஃப்சி ஆடுவதை டிவியில் பார்க்கிறேன். எனக்கு வேண்டியது மட்டும் டிவியில் கிடைப்பதில்லை. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. அந்த நாட்களில் நான் அதிகம் பார்த்தது கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு மனிதரை. பந்து எதிர்முனையில் இருக்கும்போதும் தன் நாலு பேக்குகள் எங்கே நிற்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருப்பார். மார்கோ மட்டெராசி, அப்போது சென்னையின் பயிற்சியாளர்.

பெயரைச் சொன்னதும் "ஜிடேன் முட்டினாரே, அவரா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவர்தான். ஆனால் 2006 ஜூலை 9, பெர்லினில் நடந்த அந்த இறுதிப் போட்டியை முழுதாகப் பார்த்தவர்களுக்கு அந்த முட்டல் ஒரு பகுதிதான். ஏழாவது நிமிடத்தில் மலூடாவைக் கீழே தள்ளிவிட்டார் என்று பிரான்சுக்குப் பெனால்ட்டி போனது மட்டெராசி கணக்கில்தான். ஜிடேன் கோலாக்கினார். பத்தொன்பதாவது நிமிடத்தில் பிர்லோவின் கார்னருக்கு, வியேராவையும் தாண்டி எழும்பித் தலையால் அடித்துச் சமன் செய்ததும் இவர்தான். 110-ஆவது நிமிடத்தில் நெஞ்சில் வாங்கி விழுந்தார். அத்தனை களேபரத்துக்குப் பிறகு ஷூட்அவுட்டில் நடந்து போய், பந்தை வைத்து, அமைதியாக வலைக்குள் அனுப்பினார். ஒரே ராத்திரியில் தவறு, பரிகாரம், அவமானம், கோப்பை. பேக் ஆடுகிறவனின் வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. ஊர் உலகம் ஞாபகம் வைத்திருப்பது சில விநாடிகளை மட்டுமே என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அந்த உலகக் கோப்பையை அவர் தொடங்கியதே பெஞ்சில்தான். செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் அலெசாண்ட்ரோ நெஸ்டா காயம்பட்டு வெளியேற, இவரை இறக்கினார்கள். பத்து நிமிடத்துக்குள் டோட்டியின் கார்னரில் தலையால் ஒரு கோல். அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை. காலிறுதியில் ஆட முடியவில்லை. அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகத் திரும்பி வந்தார். எட்டு வருடம் கழித்து, யாருடைய காயத்தால் இவருக்கு இடம் கிடைத்ததோ அதே நெஸ்டா, இவர் கூப்பிட்டார் என்று சென்னை வந்து நீல ஜெர்சி போட்டுக்கொண்டு எங்கள் கண்முன் ஆடினார். அதைச் சொன்னால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

மட்டெராசியின் அப்பா ஜியூசெப்பேயும் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர். லாசியோ, பாரி அணிகளை நடத்தியவர். மகன் சிறிய அணிகளில் அலைந்து, பெருஜியாவில் தங்கி, நடுவில் இங்கிலாந்து போய் எவர்ட்டனில் ஒரு சீசன் ஆடித் திரும்பினார். 2000-01 சீசனில் பெருஜியாவுக்காக இத்தாலிய லீக்கில் 12 கோல். பேக் ஆடுகிறவர் ஒரே சீசனில் அவ்வளவு அடித்தது அதற்கு முன் அங்கே நடக்காதது. பிறகு பத்து வருடம் இன்டர் மிலான், முதுகில் 23. 2010 மே மாதம் மாட்ரிட்டில் இன்டர் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற ராத்திரி, பயிற்சியாளர் மொரின்யோ அணியை விட்டுப் போகிறார். காரில் ஏறியவர், சுவரோரம் நிற்கும் மட்டெராசியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கட்டிக்கொள்கிறார். இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி அழுகிறார்கள். அந்த சீசனில் மட்டெராசி அதிகம் ஆடவில்லை. அன்றும் கடைசி நிமிடத்தில்தான் இறங்கினார். அப்படியிருந்தும் அந்த அழுகை. பயிற்சியாளர் என்பவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்னவாக இருக்க முடியும் என்று இவர் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று நம்புகிறேன்.

நான் ஏன் இந்த ஆளோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டேன் என்பதற்கு வியாசர்பாடியில் ஒரு காரணம் உண்டு. எங்கள் கோச் சாரும் பேக் ஆடியவர். ஆபீஸ் டீம் ஒன்றுக்குப் பல வருடம் ஸ்டாப்பராக ஆடி, வேலையில் இருந்துகொண்டே காலை ஆறு மணிக்கு எங்களை மைதானத்துக்கு வரச் சொல்லிப் பழக்கியவர். வடசென்னையில் பையன்கள் எல்லோருக்கும் ஃபார்வர்டு ஆடத்தான் ஆசை. பேக்குக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள். சார் வரிசையாக எங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார். "பந்தைப் பாக்காதடா. அவன் இடுப்பைப் பாரு. காலு ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது." இவ்வளவுதான் முதல் பாடம். அப்புறம் வாய். "கத்துடா! பின்னால நிக்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும். தெரிஞ்சிட்டு வாயை மூடிட்டு நின்னா எப்படி?"

பேக் ஆடியவர் பயிற்சியாளராவது அதனால்தான் இயல்பான விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஃபார்வர்டுக்கு மைதானத்தின் பாதி முதுகுக்குப் பின்னால் இருக்கும். பேக்குக்கு முழு மைதானமும் எதிரே விரிந்திருக்கிறது. ஆடும்போதே அவன் பாதி பயிற்சியாளர்தான். யார் எங்கே நழுவுகிறான், யார் மூச்சு வாங்குகிறான், எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டே இருக்கிறவன். கடைசியில் கோட்டைத் தாண்டி இரண்டு அடி வெளியே போய் நிற்கிறான். கத்துவது மட்டும் நிற்பதில்லை.

2014-ல் மட்டெராசி வந்தபோது இன்டரை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்ததில்லை. அவருடைய முதல் வேலை சென்னை. அதுவும் பயிற்சியாளராக மட்டுமில்லை, 41 வயதில் ஜெர்சி போட்டு ஆடவும் செய்தார். ஓட்டம் போய்விட்டிருந்தது. ஆனால் நிற்கும் இடம் தெரிந்தவருக்கு ஓட வேண்டியதில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து சார் சொல்லிக்கொண்டே இருந்தார். எதிராளி பந்தை உள்ளே தள்ளும் முன்பே மட்டெராசி இரண்டு தப்படி பின்னால் வந்திருப்பார். பந்து நேராக அவர் மார்புக்கு வரும். அதற்குக் கைதட்டல் கிடைக்காது. எலானோ ஃப்ரீகிக்கை வளைத்து அடித்தால் ஸ்டேடியம் எழுந்து நிற்கும். சாரும் நானும் மட்டும் அந்த இரண்டு தப்படிக்குக் கைதட்டினோம். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்னையில் முதல் ஆட்டம் அக்டோபர் 21, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. எலானோவின் பெனால்ட்டியும் மெண்டோசா காற்றில் படுத்து அடித்த கோலுமாக 2-1. லீக்கில் முதலிடம். அரையிறுதியில் அதே கேரளா. கொச்சியில் 3-0 என்று தோற்று வந்தோம். டிசம்பர் 16 அன்று சென்னையில் சில்வெஸ்ட்ர் ஒன்று, எதிரணி தன் வலைக்குள்ளேயே தள்ளிக்கொண்டது ஒன்று, தொண்ணூறாவது நிமிடத்தில் ஜெஜே ஒன்று. மூன்றுக்கு மூன்று. அந்த ஜெஜே கோலுக்கு எழுந்த சத்தம் சென்ட்ரல் பிளாட்பாரம் வரை கேட்டிருக்கும். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கேரளாவின் பியர்சன் அடித்தார். கதை முடிந்தது. தோற்றுப்போன ஆட்டம் அது. ஆனாலும் என் வாழ்க்கையில் பார்த்த எந்த வெற்றியையும் அதற்கு மாற்றாகத் தர மாட்டேன்.

அடுத்த வருடத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு புத்தகமே வேண்டும். 2015 சீசனின் பிற்பாதியில் அணி அட்டவணையின் கடைசியில் கிடந்தது. எல்லோரும் கைகழுவிய நிலையில், லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அந்த நாட்களில்தான் சென்னையில் வெள்ளம். டிசம்பர் முதல் நாள் ராத்திரி, ஏரிகள் நிரம்பி அடையாறு ஊருக்குள் வந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. வடசென்னையிலும் தெருத்தெருவாகத் தண்ணீர். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் கேட்காமலேயே அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வீடு துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஸ்டேடியம் எங்கே ஞாபகத்தில் இருக்கும்? பாலேவாடியில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கொல்கத்தா போய் 2-1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் ஜெயித்தார்கள்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபத்தோர்தாவில் கோவா அணியோடு இறுதிப் போட்டி. சார் வீட்டில் பார்த்தோம். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடு. மெத்தைகளை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார்கள். பீரோ மேல் ஏற்றி வைத்ததால் தப்பித்த டிவி, அங்கேயே இருந்தது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அம்மா (சாரின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தரை ஈரம் என்று பிளாஸ்டிக் ஸ்டூல்களை எடுத்துப் போட்டு, டீ கொடுத்தார். பெலிசாரி அடித்தார். நாலு நிமிடத்தில் ஹவோகிப் சமன் செய்தார். 87-ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரேயின் ஃப்ரீகிக், கோவா முன்னால். வீட்டில் பேச்சில்லை. தொண்ணூறாவது நிமிடத்தில் பந்து கோவாவின் கோல்கீப்பர் கையில் பட்டு அவர் வலைக்குள்ளேயே போனது. சார் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். கூடுதல் நேரத்துக்குத் தயாராகிறோம், மெண்டோசா! அந்த சீசனில் அவருக்குப் பதின்மூன்றாவது கோல். 3-2. தெருவில் யார் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். இருபது நாளாக அந்தத் தெருவில் யாரும் சிரித்துப் பார்க்கவில்லை. பயிற்சியாளராக இரண்டாவது வருடத்திலேயே மட்டெராசி கோப்பையைத் தூக்கிவிட்டார். அந்தக் கோப்பை எங்களுக்கு எந்த நேரத்தில் வந்தது என்பது அவருக்கு எவ்வளவு தெரியுமோ!

2016 மோசமான சீசன். எட்டு அணிகளில் ஏழாவது. 2017 மார்ச்சில் அவர் விலகினார். வழியனுப்பப் பெரிதாக எதுவும் நடந்ததாக ஞாபகமில்லை. ஒரு நாள் பேப்பரில் செய்தி, அவ்வளவுதான். அடுத்த வருடம் எனக்கும் கோவையில் வேலை கிடைத்தது. சாருக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்ததால், எது எதை எடுத்துக்கொண்டு போனது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கோவையில் நல்ல கால்பந்து இருக்கிறது, நல்ல பையன்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன். ஆனால் பந்து வரும் முன்பே ஒரு பேக் நகர்ந்து நிற்கும்போது, அதைப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சொல்ல எனக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கோலடித்த ஒருவர் எங்கள் ஊர் மழையில் நனைந்துகொண்டு, மணிப்பூரிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்த பையன்களிடம் கையை வீசி "மேலே வா, மேலே வா" என்று கத்தியது திரும்ப நடக்காது. நடந்தாலும் அது வேறு யாரோவாக இருக்கும், பார்ப்பதும் வேறு யாரோவாக இருக்கும்.

2018 மார்ச் 17, பெங்களூரில் இறுதிப் போட்டி. ஜான் கிரிகரி அப்போது பயிற்சியாளர். வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் நடுக்களத்தில். கார்னர் வருகிறது, மெயில்சன் ஆல்வெஸ் எழும்புகிறார், தலையால் கோல். இடைவேளைக்குச் சற்று முன் மறுபடி கார்னர், மறுபடி மெயில்சன், மறுபடி தலை. அவர் பேக். பிரேசில்காரர். 2015-ல், மட்டெராசி இருந்தபோது சென்னைக்கு வந்தவர். 3-2 என்று இரண்டாவது கோப்பை. ஆட்டம் முடிந்ததும் சாருக்கு போன் செய்தேன். கோப்பையைப் பற்றி அவர் பேசவே இல்லை. இரண்டாவது கார்னருக்கு மெயில்சன் எங்கிருந்து ஓடத் தொடங்கினார், யார் அவரைத் தவறவிட்டது, எந்த விநாடியில் கத்தியிருந்தால் பெங்களூரு அதைத் தடுத்திருக்கும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.