தூ ம மாங்க்

பிளஸ் டூல மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த பசங்க எல்லா ஸ்கூல்லயும் உண்டு. நான் தமிழ் எடுத்தவன். அப்புறம் இஞ்சினியரிங்ல சி, ஜாவா. ஆக, இருபத்தெட்டு வயசுல ராத்திரி பத்து மணிக்கு, ஆணி புடுங்கி முடிச்ச கையோட ஹெட்போன் மாட்டிக்கிட்டு 'போன்ழூர்'னு கத்திக்கிட்டிருக்கேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு மக்களே.

அக்காவைக் கொடுத்திருக்கறது பாண்டிச்சேரிக் குடும்பத்துல. 1962-ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, ஆறு மாசக் கெடுவுக்குள்ள பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு எழுதிக் கொடுத்தவர் அத்தானோட தாத்தா. இப்போ பாரிஸ் வாசம். அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. அங்க 2019-லேர்ந்து மூணு வயசுலயே பள்ளிக்கூடம் கட்டாயம். போக ஆரம்பிச்சா, அவ்ளோதான். தமிழ்ல கேட்டா நல்லாவே புரியுது, பதில் மட்டும் பிரெஞ்சுல வருது. அம்மா போனைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாப்பாங்க. அக்கா அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து சொல்றதுக்குள்ள குழந்தை அடுத்த கதைக்குப் போயிருக்கும்.

அதனால எனக்கு வேண்டியது பேசறது இல்லீங்க, புரிஞ்சுக்கறது. ஆனா நான் சேர்ந்திருக்கற ஆன்லைன் வகுப்புல முதல் பத்து பாடமும் ஹோட்டல்ல ரூம் கேக்கறது, ரயிலுக்கு டிக்கெட் எடுக்கறது! அஞ்சு வயசுக் குழந்தைகிட்ட நான் எதுக்கு ரூம் கேக்கணும்? வெறுத்துப்போய் டிவி5 மோந்த் தளத்துக்குப் போனேன். ஆரம்ப நிலைக்காரங்களுக்கு குட்டிக் குட்டி வீடியோ, பயிற்சியோட, இலவசமா இருக்கு. இதான் நமக்கு ஒத்து வந்துச்சு. முதல் நிலையான ஏ1-க்கு இலக்கணம் என்னன்னா, எதிராளி மெதுவா, தெளிவா பேசினா உங்களுக்குப் புரியணும். நம்மாளு ஐஸ்கிரீம் கதையை மெதுவாவா சொல்லுவா :-)

எண்கள் பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. எழுபதுன்னா அறுபது-பத்து, எண்பதுன்னா நாலு-இருபது, தொண்ணூத்தேழுன்னா நாலு-இருபது-பத்து-ஏழு. பெல்ஜியத்துலயும் சுவிஸ்லயும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் செப்தாந்த், நொநாந்த்னு ஒழுங்கா தனிப் பேரு வச்சிருக்காங்க. ஆனா நாம சிரிக்க முடியாது. எண்பதுக்கு அடுத்து ஒன்பது பத்து வராம, நூறே வராதப்போ தொண்ணூறுன்னு சொல்றவங்கதானே நாம? தொள்ளாயிரத்துலயும் ஆயிரம் இல்லையே.

மூக்கொலியும் அப்படித்தான். 'போன்'னு எழுதியிருக்கற வார்த்தையில அந்த 'ன்' காணாமப்போய் உயிரெழுத்து மூக்குக்குள்ள போயிடும். மத்தவங்க மாசக்கணக்கா பழகறாங்க. 'இல்லடா பணம்'னு வேகமா சொல்லிப் பாருங்க. அந்த 'பணம்' எங்க முடியுது? மூக்குலதானே!

படுத்தறது ஆண்பால் பெண்பால்தான். மேசை பெண், புத்தகம் ஆண். என் மேசைலயே கீபோர்டு ஆண், மவுஸ் பெண். எல்லாத்துக்கும் மேல மீசை பெண்பால்! அஃறிணைன்னு ஒரு வார்த்தைல முடிச்ச நம்ம ஆளுங்களுக்குக் கோயில் கட்டலாம்.

உறவு முறையில மட்டும் கஞ்சத்தனம். தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் ஒரே 'தோந்தோன்'. காது குத்தறப்போ மடியில உக்கார வச்சவன் நான், எனக்கும் அதே பேரு. கொஞ்சறது தனி ரகம். அத்தான் குழந்தையை 'மா ப்யூஸ்'ங்கறார். அர்த்தம் 'என் தெள்ளுப்பூச்சியே'. அம்மாகிட்ட சொன்னேன். "பெத்த புள்ளைய யாராவது பூச்சிம்பாங்களா?"ன்னு அரை நாள் புலம்பினாங்க.

போன ஞாயித்துக்கிழமை அம்மா வழக்கம் போல "சாப்டியா தங்கம்?"னு கேட்டாங்க. அவ தலையாட்டிட்டு ஏதோ சொன்னா. மூணே மூணு சின்ன வார்த்தை. "தூ ம மாங்க்." 'தூ' நீ, 'ம' எனக்கு. மூணாவது என் பாடத்துல இன்னும் வரல, அகராதியில பாத்தேன். வார்த்தைக்கு வார்த்தை போட்டா 'நீ எனக்கு இல்லாம இருக்க'. இங்கிலீஷ்ல யோசிச்சா தலைகீழா இருக்கும். தமிழ்ல அப்படியே உக்காந்துச்சு.

"என்னடா சொன்னா?"

"உன்னைத் தேடுதாம்மா அவளுக்கு."

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் காலண்டர் தாளைக் கிழிச்சு நீட்டி, "அதைத் தமிழ்ல எழுதிக் குடு"ன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். போன் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க.

ஜூலைல வர்றாங்க. இன்னும் பதினாலு பாடம் பாக்கி. ஆணி வேற அதிகம்.